கேமரா கேள்வி-பதில்: ஃபில்டர் மாட்டினால் எத்தனை ஸ்டாப் கூட்டணும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபில்டரைப் பற்றித்தான். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் செங்கோட்டை, மூணாறு பக்கத்திலிருந்தும் வந்த சிலவற்றை எடுத்துக்கொண்டேன். ஒரே சந்தேகத்தை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருந்தால் ஒன்றைத்தான் போட்டிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் வெளிச்சத்தை இரட்டிப்பது, ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் பாதியாக்குவது.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: அண்ணா, புதிதாக ஒரு சர்குலர் போலரைசர் (பளபளப்பை வெட்டும் ஃபில்டர்) வாங்கினேன். கூட வந்த தாளில் ஃபில்டர் ஃபேக்டர் 4, அதாவது 2 ஸ்டாப் என்று போட்டிருந்தது. அதனால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா தானாக வைக்கும் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +2-க்குத் திருப்பி கொல்லங்கோட்டு வயல்களை எடுத்தேன். அத்தனையும் வெளுத்துப்போய்விட்டது. ஃபில்டர் மட்டமா, நான் மட்டமா?

இரண்டு பேருமே இல்லை தம்பி. ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஃபேக்டர் 4 என்றால் ஃபில்டர் நாலில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடுகிறது. உங்கள் கேமரா வெளிச்சத்தை அளப்பது லென்ஸ் வழியாக. லென்ஸ் முன்னால் ஃபில்டர் இருந்தால் அந்த ஃபில்டரைத் தாண்டி உள்ளே வந்த வெளிச்சத்தைத்தான் அது அளக்கிறது, குறைந்த 2 ஸ்டாப்பை அதுவே ஷட்டர் நேரத்திலோ ஐஎஸ்ஓவிலோ (ஒளிக்கு எவ்வளவு உணர்ச்சி என்பதன் எண்) கூட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் நீங்கள் இன்னொரு 2 ஸ்டாப் கூட்டினால் வயல் வெளுக்காமல் என்ன செய்யும்? ஃபில்டர் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: வெளிச்சத்தை அளந்தது யார், ஃபில்டருக்கு முன்னாலிருந்தா பின்னாலிருந்தா? பின்னாலிருந்து அளந்திருந்தால் தாளில் போட்டிருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். முன்னாலிருந்து அளந்திருந்தால், அதாவது கையில் பிடிக்கும் மீட்டர், லென்ஸுக்கு வெளியே மீட்டர் கண் உள்ள பழைய ஃபிலிம் கேமரா, இல்லை ஃபில்டர் மாட்டுவதற்கு முன்னாலேயே மேனுவலில் பூட்டி வைத்த அளவு, இப்படி ஏதாவது ஒன்றானால் அந்த எண் வேண்டும்.

இதோடு விட்டுவிடலாம்தான், ஆனால் போலரைசரில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வளையத்தைத் திருப்பும்போது ஃபில்டரின் இருட்டு கூடுவதும் குறைவதும் இல்லை. அது எப்படித் திருப்பினாலும் ஒன்றரை முதல் 2 ஸ்டாப் வரை தின்றுகொண்டேதான் இருக்கும். மாறுவது காட்சியில் உள்ள மினுமினுப்பு. நெல் இலை ஒவ்வொன்றின் மேலும் வானத்தின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் படலம் மாதிரி கிடக்கிறது. போலரைசர் அதை வெட்டியதும் அடியில் இருக்கிற உண்மையான பச்சை வருகிறது, வானமும் அடர்ந்துவிடுகிறது. இதைப் பார்க்கும் மீட்டர், 'அடடா, காட்சியே இருட்டாகிவிட்டதே' என்று நினைத்து 2 ஸ்டாப்புக்கும் மேலேயே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நீங்கள் கஷ்டப்பட்டு வரவழைத்த அடர்த்தி போய்விடும். அதனால் போலரைசர் நன்றாக வேலை செய்யும் இடத்தில் காம்பென்சேஷனைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். -1/3 இல்லை -2/3 வைத்து ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டும் வெளிச்சமும் எப்படிப் பரவியிருக்கிறது என்று கேமரா காட்டும் வரைபடம்) பாருங்கள்.

கொல்லங்கோடு இதற்கென்றே அமைந்த ஊர். நெல்லியாம்பதி மலைச்சரிவு தெற்கே இருக்கிறது, காலையிலும் சாயங்காலமும் சூரியன் பக்கவாட்டில் நிற்கிறது. சூரியனுக்கு 90 டிகிரியில் உள்ள வானத்தில்தான் போலரைசர் அதிகமாக வேலை செய்யும். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை நேர்க்குத்தாக விரித்து, மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் காட்டும் திசையெல்லாம் அந்தப் பட்டைதான். அதற்காக 16 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிவிட்டு வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்திருக்கிறதே என்று அடுத்த மாதம் கேட்காதீர்கள். அவ்வளவு அகலமான லென்ஸில் அந்தப் பட்டை அப்படியே தெரியத்தான் செய்யும்.

கோவிந்தாபுரத்திலிருந்து முன்னாள் ஸ்டுடியோக்காரர் ஒருவர்: பழைய எஸ்எல்ஆர் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் மீட்டர் செத்துவிட்டது, கையில் பிடிக்கிற மீட்டர்தான். கரும்பனை வரிசையை மேகத்தோடு சிவப்பு ஃபில்டரில் எடுக்க ஆசை. எவ்வளவு திறக்க வேண்டும்?

ஐயா, உங்களுக்குத்தான் ஃபேக்டர் எண் முழுசாகத் தேவைப்படுகிறது. 25 என்று எண் போட்ட சிவப்பு ஃபில்டருக்கு ஃபேக்டர் 8, அதாவது 3 ஸ்டாப். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப் 16-இல் 1/500 என்பது உங்கள் காலத்து மனப்பாடக் கணக்கு (எஃப் என்பது லென்ஸ் துளையின் எண், எண் குறைந்தால் துளை பெரிது). சிவப்பு மாட்டினால் ஷட்டரை 1/60-க்கு இறக்கலாம், அல்லது ஷட்டரை அப்படியே விட்டு எஃப் 5.6-க்குத் திறக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. 1/60-இல் பனையின் தண்டு நிற்கும், ஓலை நிற்காது.

ஒவ்வொரு தடவையும் மனதில் 3 ஸ்டாப் கழிப்பது எரிச்சல் என்றால், மீட்டரில் ஐஎஸ்ஓவை 400-க்குப் பதில் 50 என்று வைத்துவிடுங்கள். 400, 200, 100, 50 - மூன்று படி. அப்புறம் மீட்டர் சொல்வதை அப்படியே கேமராவில் வைத்தால் போதும். ஃபில்டரைக் கழற்றும்போது மீட்டரையும் 400-க்குத் திருப்ப வேண்டும், அதை மறக்கத்தான் எல்லோருக்கும் ஆசை.

சிலர் ஃபில்டரை மீட்டர் கண் முன்னால் பிடித்து அளப்பார்கள். மஞ்சள் ஃபில்டருக்குச் சரி. சிவப்புக்கு நம்பாதீர்கள். சிலிக்கான் செல் உள்ள மீட்டர்கள் சிவப்பு வெளிச்சத்தை ஃபிலிமைவிடத் தாராளமாகப் பார்க்கின்றன. 'வெளிச்சம் நிறைய இருக்கிறது' என்று மீட்டர் சொல்லும், நெகட்டிவ் மெலிந்துபோய் வரும். லென்ஸ் வழியாக அளக்கும் ஃபிலிம் கேமராவிலும் இதே வம்பு உண்டு. முன் கேள்விக்குச் சொன்ன விதி சறுக்கும் இடம் இதுதான். உள்ளே மீட்டர் உயிரோடு இருக்கிறவர்களும் சிவப்புக்கு மட்டும் ஃபில்டர் இல்லாமல் அளந்து, 3 ஸ்டாப் கூட்டி, மேனுவலில் வைத்துவிட்டு மாட்டுவது நல்லது.

அந்த 8 கூடக் கல்லில் செதுக்கியதில்லை, பகல் வெளிச்சத்துக்கான எண் அது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வெளிச்சமே சிவந்துவிடுவதால் ஃபில்டர் அவ்வளவு தடுப்பதில்லை, இரண்டரை ஸ்டாப் போதுமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் கூட்டியே கொடுங்கள். கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் ஒரு ஸ்டாப் அதிகமானால் தாங்கும், ஒரு ஸ்டாப் குறைந்தால் தாங்காது. சிவப்பு ஃபில்டரில் நீல வானம் கறுக்கும், மேகம் துள்ளிக்கொண்டு நிற்கும், ஆனால் வயல் பச்சையும் கறுக்கும், நிழல்கள் இன்னும் கறுக்கும், ஏனென்றால் நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பதே அந்த நீல வானம்தான். வயலும் முக்கியம் என்றால் பச்சை 11 ஃபில்டரை யோசியுங்கள், 2 ஸ்டாப். மஞ்சள் 8-க்கு ஒரு ஸ்டாப். என் ஓட்டு மஞ்சளுக்குத்தான். சிவப்பு கொஞ்சம் நாடகத்தனமாக எனக்குப் படுகிறது. கரும்பனைக்கு நாடகம் பொருந்தும் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

செங்கோட்டை வாசகி: அண்ணாச்சி, பாலருவியைப் பால்மாதிரி எடுக்க என்டி 1000 (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்பு ஃபில்டர்) வாங்கினேன். மாட்டியதும் வியூஃபைண்டரில் ஒன்றுமே தெரியவில்லை. ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடிக்கொண்டே இருக்கிறது. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, அப்பர்ச்சர் பிரியாரிட்டி (துளையை நான் வைக்க, ஷட்டரைக் கேமரா வைக்கும் மோட்). கேமரா 30 விநாடி என்று காட்டி மின்னிக்கொண்டே இருந்தது, படம் இருட்டு.

அந்த மின்னல்தான் கேமராவின் முறையீடு. அப்பர்ச்சர் பிரியாரிட்டியில் உங்கள் கேமராவால் 30 விநாடிக்கு மேல் போக முடியாது, தேவைப்பட்டதோ அதைவிட அதிகம். கணக்குப் பார்ப்போம். மரம் மூடிய இடத்தில், பகலில், ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்றால் ஃபில்டர் இல்லாமல் சுமார் 1/8 விநாடி வரும். என்டி 1000 என்பது 10 ஸ்டாப், பத்துத் தடவை இரட்டிக்க வேண்டும்: 1/4, 1/2, 1, 2, 4, 8, 16, 32, 64, 128. இரண்டு நிமிஷத்துக்கும் மேல். கேமரா 30-இல் நின்றுவிட்டதால் 2 ஸ்டாப் இருட்டு. ஃபில்டர் மேல் தப்பில்லை.

பால்மாதிரி வர 2 நிமிஷம் எதற்கு? அருவிக்கு அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி போதும். அதில் நூல் நூலாக இறங்குவது தெரியும். 2 நிமிஷத்தில் வெள்ளைப் பூச்சுதான் மிஞ்சும், பக்கத்துச் செடிகொடியெல்லாம் ஆரியங்காவு காற்றில் கலங்கிப்போகும். 1/8-லிருந்து அரை விநாடிக்குப் போக 2 ஸ்டாப் வேண்டும், அது ஒரு போலரைசர். ஒரு விநாடி என்றால் 3 ஸ்டாப், அது என்டி 8. நானாக இருந்தால் போலரைசரோடு நிறுத்திக்கொள்வேன், ஈரப் பாறையின் பளபளப்பும் அடங்கிவிடும். என்டி 1000-ஐ வெயில் அடிக்கிற இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கடற்கரைக்கோ அணைக்கோ. அங்கே 1/125 என்பது 8 விநாடியாகும், அதற்குத்தான் அது.

அதை மாட்டித்தான் தீருவேன் என்றால் வரிசை இது. முதலில் ட்ரைபாட், ஃப்ரேம், ஃபோகஸ் எல்லாம் ஃபில்டர் இல்லாமல். ஃபோகஸ் கிடைத்ததும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியதும் மறுபடி தேட ஆரம்பிக்கும். ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து எக்ஸ்போஷர் சரியா என்று பாருங்கள், அந்த எண்களை வைத்து 10 ஸ்டாப் கணக்குப் போடுங்கள். மேனுவல் அல்லது பல்ப் மோட் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் மோட்), ரிமோட். அப்புறம்தான் ஃபில்டர், திருகும்போது ஃபோகஸ் வளையம் கூடவே திரும்பிவிடாமல்.

இத்தனை இருட்டு ஃபில்டரின் பின்னாலிருந்து மீட்டர் சொல்வதை நம்பாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஸ்எல்ஆர் வகைக் கேமராவில் வியூஃபைண்டர் வழியாகப் பின்னாலிருந்தும் வெளிச்சம் உள்ளே போகிறது. சாதாரணமாக உங்கள் கண்ணே அதை மூடிவிடும். ட்ரைபாடில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றால், முதுகுப்பக்கம் வெயில் இருந்தால், அந்த வெளிச்சம் மீட்டரில் சேர்ந்துகொண்டு படத்தை இருட்டாக்கிவிடும். சில கேமராக்களின் தோள்பட்டை வாரில் சின்னச் செவ்வக ரப்பர் ஒன்று கோர்த்திருப்பார்கள், பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கண் வைக்கும் ரப்பரைக் கழற்றிவிட்டு அதைச் செருகி மூடத்தான். மிரர்லெஸ்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை.

கடைசியாக, '1000' என்று போட்டிருந்தாலும் எல்லாம் சரியாக 10 ஸ்டாப் இருப்பதில்லை. ஒன்று ஒன்பதரை இருக்கும், ஒன்று பத்தரை இருக்கும். வீட்டுச் சுவரை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து ஹிஸ்டோகிராமை ஒப்பிட்டுப் பாருங்கள், உங்களுடையதன் உண்மையான எண் தெரிந்துவிடும். ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு இந்த நீண்ட எக்ஸ்போஷர்களில் ஒரு கூடுதல் தண்டனை உண்டு. ஒரு விநாடிக்கு மேல் போனால் பெரும்பாலான ஃபிலிம்கள் சோம்பிவிடும். இல்ஃபோர்டு ஹெச்பி5-க்கு மீட்டர் 10 விநாடி சொன்னால் சுமார் 20 கொடுக்க வேண்டும். டிஜிட்டலில் இந்தச் சோம்பல் இல்லை, சென்சார் சூடாகி வரும் புள்ளிகள்தான் தொல்லை.

சித்தூர் (பாலக்காடு) கல்லூரி மாணவர்: என்டி 8, என்டி 0.9, 3 ஸ்டாப் என்று மூன்று விதமாக எழுதுகிறார்களே, எது பெரியது? போலரைசர் (4), என்டி 8 இரண்டையும் சேர்த்து மாட்டினால் 12 தானே?

மூன்றும் ஒன்றேதான். 0.3 என்றால் ஒரு ஸ்டாப், 0.9 மூன்று, 1.8 ஆறு, 3.0 பத்து. 8 என்பது ஃபேக்டர். ஃபேக்டரைப் பெருக்க வேண்டும், ஸ்டாப்பைக் கூட்ட வேண்டும். ஆகவே 4 x 8 = 32; ஸ்டாப்பில் 2 + 3 = 5. 12 என்று வைத்திருந்தால் ஒன்றரை ஸ்டாப் குறைந்திருக்கும். அகல லென்ஸில் இரண்டு வளையம் அடுக்கினால் நான்கு மூலையும் கறுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டிலிருந்து கல்யாண வீடியோ எடுப்பவர்: நவம்பரில் கல்பாத்தித் தேர் வீடியோ எடுக்க வேண்டும். பகல் வெயில், எஃப் 2.8-இல் பின்னணி மங்கலாக வேண்டும், 25 ஃப்ரேம். எத்தனை ஸ்டாப் என்டி? வேரியபிள் (திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் என்டி) வாங்கலாமா?

25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50. ராத்திரி கரண்டு விளக்குகள் நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவற்றின் அடியிலும் 1/50 துடிக்காது, அதனால் அதை மாற்ற வேண்டாம். ஐஎஸ்ஓ 100-இல் வெயிலுக்கு எஃப் 16, 1/100. 1/50 ஆக்கினால் எஃப் 22. அங்கிருந்து 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று எண்ணினால் 6 ஸ்டாப், என்டி 64. உங்கள் கேமராவில் லாக் மோடுக்கு (பிறகு நிறம் திருத்த வசதியாகத் தட்டையாகப் பதியும் முறை) குறைந்தபட்ச ஐஎஸ்ஓ 800 என்றால் இன்னும் 3 சேர்த்து 9. இதைப் பார்க்காமல் என்டி 8 வாங்கி வந்து எஃப் 22-இல் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

தேர் அக்ரஹார வீதிக்குள் வரும்போது ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல். கல்பாத்தியில் நகர்ந்து நகர்ந்து எடுக்கும்போது வேரியபிள் கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது இரண்டு போலரைசரை எதிரெதிரே வைத்த சாமான். கடைசி எல்லை வரை திருப்பினால், அதுவும் அகல லென்ஸில், படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு விழும். முகத்தில் உள்ள எண்ணெய் மினுக்கும் திருப்பத் திருப்ப மாறும். வாங்குவதானால் அதன் நடுப்பகுதியிலேயே உங்களுக்குத் தேவையான ஸ்டாப் வரும்படி வாங்குங்கள். ஒயிட் பேலன்ஸை ஃபில்டர் மாட்டிய பிறகு வையுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள்.

மூணாறு எஸ்டேட்டிலிருந்து ஒரு தம்பி: டாப் ஸ்டேஷனில் சூரிய உதயம். பாதி கறுப்பு பாதி கண்ணாடியாக இருக்கும் கிராஜுவேட்டட் என்டி 3 ஸ்டாப். மாட்டிவிட்டு ஆட்டோவில் எடுக்கலாமா?

எடுக்கலாம், சில நேரம் நன்றாகவும் வரும், ஏன் நன்றாக வந்தது என்றுதான் தெரியாது. ஃபில்டரின் கண்ணாடிப் பகுதி வழியாக வரும் தரைக்கு எந்தக் குறைவும் இல்லை, வானத்துக்கு மட்டும்தான் 3 ஸ்டாப் குறைகிறது. ஆகவே ஃபில்டர் இல்லாமல் தேயிலைச் சரிவை அளந்து மேனுவலில் வைத்துவிடுங்கள். அதன் பிறகு வானத்தை அளந்து பாருங்கள். 4 ஸ்டாப் வித்தியாசம் என்றால் 3 ஸ்டாப் ஃபில்டரை இறக்கினதும் ஒரு ஸ்டாப் வித்தியாசம் மிஞ்சும், அது இயற்கையாக இருக்கும். வானம் தரையைவிடக் கறுத்துப்போனால் பார்க்கிறவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். தேனிப் பக்கம் பார்க்கும்போது மலைகள் ஏறி இறங்கி இருப்பதால் கோடு அழுத்தமாக விழாத மென்மையான வகையாக இருக்கட்டும்.

மறையூர் வாசகர்: யுவி ஃபில்டருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும்?

ஒன்றும் வேண்டாம்.

பொள்ளாச்சி ஆசிரியர்: 2019 கிரகணத்தைத் தவறவிட்டேன். அடுத்ததற்கு என்டி 1000 இரண்டை அடுக்கிச் சூரியனை எடுக்கலாமா?

வேண்டாம் சார். 2019 டிசம்பர் 26-இல் கோவை, ஊட்டி, திண்டுக்கல்லில் வளையம் தெரிந்தது. அடுத்து 2031 மே 21-இல் கொச்சி, மதுரை வழியாக வருகிறது, அவசரமே இல்லை. என்டி 1000 ஆயிரத்தில் ஒரு பங்கை விடுகிறது, சூரிய ஃபில்டர் லட்சத்தில் ஒரு பங்கை விடுகிறது. இரண்டை அடுக்கினால் கணக்கில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரும், அதை நம்பித்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சாதாரண என்டி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்குமே தவிர அகச்சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். எஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் கண் போய்விடும், வலிக்கக்கூடச் செய்யாது. சூரியனுக்கென்றே செய்த ஃபில்டரை வாங்கி லென்ஸின் முன்பக்கம் மாட்டுங்கள். முழு வளையம் தெரியும்போதும் கழற்றக்கூடாது.

வேலந்தாவளம் வாசகர்: என்னிடம் போன் மட்டும்தான். கூலிங் கிளாஸை லென்ஸ் முன்னால் வைத்து எடுத்தால் ஃபில்டர் ஆகுமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் என்றால் நிஜமாகவே போலரைசர்தான், கண்ணில் போடுவது மாதிரி நேராகப் பிடித்தால் தண்ணீர் மேலுள்ள பளபளப்பை வெட்டும், சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி என்றால் ஆட்டோவில் எடுக்கும் ஃபோட்டோவில் பிரயோஜனம் இல்லை. உங்கள் போனில் அப்பர்ச்சரைத் திருப்ப முடியாது, குறைந்த வெளிச்சத்தை ஐஎஸ்ஓவைக் கூட்டியோ ஷட்டரைத் தாழ்த்தியோ போனே ஈடுகட்டிவிடும், புள்ளி புள்ளியாகப் படம் வரும். புரோ மோடில் ஐஎஸ்ஓவைப் பூட்டி, போனை எதிலாவது அசையாமல் சாய்த்து வைத்தால் அதே கறுப்புக் கண்ணாடி ஓடை நீரை மென்மையாக்கிக் கொடுக்கும். கொஞ்சம் பச்சையோ பழுப்போ ஏறியிருந்தால் ஒயிட் பேலன்ஸில் சரிசெய்துகொள்ளுங்கள். கண்ணாடியை முதலில் துடையுங்கள், விரல் ரேகை இருந்தால் வெயிலில் மூட்டமாகத்தான் வரும்.